செங்கமடைக் கொத்தனார்கள் சான்றிதழ் வாங்கிய கதை

செங்கமடைக்காரர்களைக் கெட்டிக்காரர்கள் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அப்படிச் சொல்லும்படி அவர்களும் யாரையும் கேட்டதில்லை. சுவர் கட்டச் சொன்னால் கட்டுவார்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டால்தான் கொஞ்சம் சிக்கல். பக்கத்து ஊரில் ஒருவர் தன் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டச் சொல்லிவிட்டு மகள் வீட்டுக்குப் போனார். பத்து நாள் கழித்து வந்து பார்த்தபோது சுவர் அவர் தோட்டத்தைத் தாண்டி, அடுத்தவர் வயலைத் தாண்டி, குளத்துக்குள் இடுப்பளவு தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அத்தனை தூரத்திலும் ஒரு நூல் கோணல் கிடையாது. அதை அவரே ஒப்புக்கொண்டார்.

அந்தச் சுவரைக் கட்டியவர்கள் நாலு பேர். தலைமைக் கொத்தனார் ஆவுடையப்பன். அவருக்குச் சாந்துச் சட்டி எடுத்துக் கொடுக்கும் சித்தாள், அவருடைய மனைவி மாடத்தி. மாடத்தியின் அண்ணன் குத்தாலிங்கம் இரண்டாவது கொத்தனார். மூன்றாம் வகுப்பில் மூன்று வருஷம் இருந்தவர் என்பதால் நால்வரில் அவருக்குத்தான் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். யோசிக்கிற வேலையும் அவரிடமே விடப்பட்டிருந்தது. நாலாவது ஆள் சொரிமுத்து. எல்லோருக்கும் இளையவன், சொன்னதைச் செய்கிறவன், சொல்லாததையும் சில சமயம் செய்கிறவன்.

ஆவுடையப்பன் இருபத்தாறு வருஷமாகக் கரண்டி பிடித்தவர். அரசாங்கத்தின் மேல் அவருக்கு மிகுந்த மரியாதை. சுவரில் அரசாங்க விளம்பரம் ஒட்டியிருந்தால், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாவிட்டாலும், அதன் மேல் சாய மாட்டார். அதனால் ஐப்பசி மாதம் காண்டிராக்டர் வைகுண்டம் அரசாங்கத்தின் புது உத்தரவைக் கொண்டுவந்து வாசித்தபோது அவர் எழுந்து நின்றுதான் கேட்டார்.

அரசாங்கத்திடம் முன்பு இரண்டு திட்டங்கள் இருந்தனவாம். ஒன்று வயது வந்தோர் கல்வி. இன்னொன்று தொழிற்பயிற்சி. இரண்டும் தனித்தனியாக ஓடவில்லை. அதனால் இரண்டையும் ஒன்றாகக் கட்டி ஓடவிட்டிருந்தார்கள். இனி தொழிலாளி எவரும் எழுத்தையும் தொழிலையும் சேர்த்தே படிக்க வேண்டும். நாற்பத்தைந்து நாள் பயிற்சி, கடைசியில் பரீட்சை, அப்புறம் சான்றிதழ். தை ஒன்றாம் தேதி முதல் சான்றிதழ் இல்லாதவர்கள் அரசு வேலையில் செங்கல்லைத் தொடக் கூடாது. ஊருக்குள் வரப்போகிற பள்ளிக்கூட வேலை அரசு வேலை. அதை நம்பித்தான் நால்வரும் இருந்தார்கள்.

தாலுகா முழுக்க ஆவுடையப்பன் கட்டிய சுவர்கள் நிற்கின்றன. அவையெல்லாம் சாட்சி சொல்ல வராது என்று அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. சொரிமுத்துவோ அன்றைக்கே பழக ஆரம்பித்துவிட்டான். செங்கல்லைக் கையால் தொடாமல் இரண்டு கரண்டியால் இடுக்கித் தூக்கிக்கொண்டு போனான். மாலைக்குள் ஏழு கல் சேர்த்தான்.

மறுநாள் விண்ணப்பம் வந்தது. குத்தாலிங்கம் வாசித்தார். பெயர், தகப்பனார் பெயர் எல்லாம் சிரமமில்லாமல் போயிற்று. நாலாவது கேள்வியில் நின்றுவிட்டார். மறுபடி எழுத்துக் கூட்டினார். பிறகு தாளை மடியில் வைத்துக்கொண்டு மற்ற மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“என்ன மச்சான் போட்டிருக்கு?” என்று கேட்டார் ஆவுடையப்பன்.

“வயது வந்தவரா, ஆம், இல்லைன்னு கேட்டிருக்கு மாப்ள.”

“சரி, அதுக்கென்ன?”

“நம்ம நாலு பேர்ல வயசுக்கு வந்தது மாடத்தி மட்டுந்தான்லா. எங்க வீட்டுல பந்தல் போட்டு, ஊரைக் கூட்டி, களி கிண்டிப் போட்டாக. நானே பார்த்தேன். உமக்கு யாராவது பந்தல் போட்டாகளா?”

ஆவுடையப்பன் யோசித்துப் பார்த்தார். போடவில்லை. சொரிமுத்துவுக்கும் போடவில்லை. ஆக, மாடத்திக்கு மட்டும்தான் சான்றிதழ், ஆண்கள் மூவருக்கும் கிடையாது என்றாயிற்று. சும்மா ‘ஆம்’ என்று போட்டுவிடலாமே என்று சொரிமுத்து சொன்னதற்கு, அரசாங்கத்திடம் பொய் சொல்வதா என்று ஆவுடையப்பன் அவனைக் கடுமையாகப் பார்த்தார். குத்தாலிங்கம்தான் வழி கண்டுபிடித்தார். இதுவரை நடக்கவில்லை என்றால் இப்போது நடத்திக்கொள்ள வேண்டியது, அவ்வளவுதானே.

ஆவுடையப்பனின் தாய்மாமனுக்கு எழுபத்தெட்டு வயது. ஆள் அனுப்பிக் கூட்டிவந்தார்கள். இந்தச் சீரை முப்பது வருஷத்துக்கு முன்பே ஏன் கேட்கவில்லை என்று அவர் கோபித்துக்கொண்டாலும், முறை தவறாமல் பச்சை ஓலை வெட்டிக் குச்சுக் குடிசை கட்டிக் கொடுத்தார். மூன்று கொத்தனார்களும் மூன்று நாள் அதற்குள் உட்கார்ந்திருந்தார்கள். மாடத்தி உளுந்தங்களி கிண்டி நல்லெண்ணெய் விட்டுக் கொடுத்தாள். நாலாம் நாள் தெருப் பெண்கள் குலவையிட, மூவர் தலையிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். மீசையோடு மாலை போட்டு மூவரும் வெட்கப்பட்டு நின்றதைப் போட்டோ எடுத்து விண்ணப்பத்தோடு இணைத்தார்கள். களி நன்றாக இருந்ததால் சொரிமுத்து இன்னும் ஒரு நாள் உட்காரலாமா என்று கேட்டான். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வந்துவிட்டதால் முடியாமல் போயிற்று.

பயிற்சி மையம் வாகைநல்லூரில் இருந்தது. அதற்கென்று கட்டடம் கட்டும் திட்டம் இன்னும் வரவில்லை என்பதால் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடத்தினார்கள். பயிற்றுநர் ஜெபக்கனி டீச்சர். முப்பது வயதுதான் இருக்கும். அதுதான் அவருக்கு முதல் வேலை. அந்த மூன்று போட்டோவையும் அவர் நெடுநேரம் பார்த்தார். அப்புறம் நால்வர் பெயருக்கு நேராகவும் ‘ஆம்’ என்று எழுதிக்கொண்டார். வேறு யாரும் விண்ணப்பிக்காததால் வகுப்பே அவர்கள் நாலு பேர்தான்.

முதல் நாள் டீச்சர் தனக்குச் சொல்லிக்கொடுத்தபடியே ஆரம்பித்தார்.

“இங்க உள்ள வரும்போது, இதுவரைக்கும் உங்களுக்குத் தெரிஞ்சது எல்லாத்தையும் வாசல்லயே விட்டுட்டு வரணும். அப்பத்தான் புதுசா படிக்க முடியும்.”

நால்வரும் எழுந்து வாசலுக்குப் போனார்கள். எப்படி விடுவது என்று கால் மணி நேரம் ஆலோசனை நடந்தது. செருப்பைக் கழற்றுகிற இடத்திலேயே விடுவதுதான் முறை என்று முடிவாயிற்று. ஆவுடையப்பன் குனிந்து, தன் செருப்பைப் பார்த்து, மெதுவாக ஒவ்வொன்றாகச் சொன்னார். கல்லை நனைத்துத்தான் வைக்க வேண்டும். மூலை எடுக்காமல் நடுச்சுவர் எடுக்கக் கூடாது. கலவை கையில் உருட்டினால் உருள வேண்டும், ஒட்டக் கூடாது. இருபத்தாறு வருஷம் இரண்டு செருப்பில் அடங்கிவிட்டதே என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

எல்லோரும் விட்ட பிறகு குத்தாலிங்கத்துக்கு ஒரு பயம் வந்தது. இவ்வளவு தெரிந்த விஷயங்களைத் திறந்த வாசலில் போட்டுவிட்டு உள்ளே போனால் எவனாவது எடுத்துக்கொண்டு போகமாட்டானா? அதனால் அவர் காவலுக்கு இருப்பது என்று தீர்மானித்து, செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டார்.

டீச்சர் வருகைப் பதிவு எடுத்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ‘உள்ளேன் அம்மா’ என்று சொல்ல வேண்டும் என்றார். மூன்று பேரும் சொன்னார்கள். குத்தாலிங்கம் பெயரைக் கூப்பிட்டதும் வாசலிலிருந்து, “வெளியேன் அம்மா” என்று பதில் வந்தது.

அவரை ‘உள்ளேன்’ சொல்ல வைக்க டீச்சர் ஒரு வாரம் பாடுபட்டார். வெளியே உட்கார்ந்துகொண்டு உள்ளேன் என்று சொல்ல குத்தாலிங்கத்தின் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. கடைசியில் டீச்சர்தான் வகுப்பை வாசலுக்கு அருகே மாற்றிக்கொண்டார்.

இரண்டாம் வாரம் தொழிற்பாடம். கட்டுவேலைக் கலவையில் ஒரு சட்டி சிமென்டுக்கு எத்தனை சட்டி மணல் என்று டீச்சர் கேட்டார். புத்தகத்தைப் பார்த்துக் கேட்டாலும், எதிரே இருப்பவர்கள் பழுத்த கொத்தனார்கள் ஆயிற்றே என்று சாதாரணமாகத்தான் கேட்டார். ஆவுடையப்பன் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

“தெரியும் டீச்சர். ஆனா அது வெளிய இருக்கு. போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லட்டுமா?”

போய்ப் பார்த்தார். செருப்பின் முன் கொஞ்ச நேரம் நின்றார். வந்து, “ஆறு” என்றார். டீச்சர் பலகையில் எழுதினார்.

அன்று மத்தியானம் குத்தாலிங்கம் கண்ணயர்ந்த நேரத்தில் ஒரு நாய் வந்து சொரிமுத்துவின் இடது செருப்பைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. விசாரித்ததில், கட்டுவேலையை வலது செருப்பிலும் பூச்சுவேலையை இடது செருப்பிலும் விட்டதாகச் சொரிமுத்து சொன்னான். அன்றிலிருந்து அவனுக்குப் பூச வரவில்லை. மட்டப்பலகையைக் கையில் கொடுத்தால் முன்பின் பார்க்காத பாத்திரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். குத்தாலிங்கம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆவுடையப்பன்தான் இரக்கப்பட்டு, டீக்கடை பெஞ்சில் வைத்துத் தன்னுடைய பூச்சுவேலையில் பாதியை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். கொடுத்துவிட்டு, தனக்குக் குறைந்துவிட்டதோ என்று வீட்டுக்கு வந்து ஒரு சுவரைப் பூசிப் பார்த்தார். குறையவில்லை. அப்படியும் முழுசாக நம்பிக்கை வரவில்லை.

எழுத்துப் பாடம்தான் அவரை மிகவும் வாட்டியது. மாடத்திக்குச் சீக்கிரம் வந்தது. அவருக்குக் கையில் பல்பம் நிற்கவில்லை. கரண்டி பிடித்துக் காய்ந்த விரல்களில் அது நழுவி நழுவி விழுந்தது. மனைவி பாஸாகித் தான் ஃபெயிலாகிவிட்டால், அவள் கட்ட அவர் சட்டி தூக்க வேண்டியதுதான். அதை நினைத்து வழியெல்லாம் விரல்களை நீவிக்கொண்டே வந்தார். மாடத்தி பார்த்துக்கொண்டே வந்தாள். “உங்களுக்கு எது வருமோ அதுல எழுதுங்களேன்” என்றாள்.

டீச்சர் மறுநாளைக்குக் கொடுத்திருந்த வீட்டுப்பாடம் ‘அ’ போட்டுக்கொண்டு வர வேண்டும் என்பது. அன்று சாயங்காலம் ஆவுடையப்பன் செங்கல்லில் ‘அ’ போட்டார். நாலடி உயரம். சுழிக்கு வளைவு எடுப்பது பெரிய பாடாகிவிட்டது. கோயில் வாசல் வளைவுக்குக்கூட அவர் அவ்வளவு யோசித்ததில்லை. எழுத்து நேராக நிற்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்ததால் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். நின்றது. காலையில் அதை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நால்வரும் வாகைநல்லூர் போனார்கள்.

அன்று முகூர்த்த நாள். மண்டபத்தில் கல்யாணம். வகுப்பு கிடையாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ‘அ’வை வாசலில் இறக்கி வைத்தார்கள். மணப்பெண் பெயர் அமிர்தவல்லி. மாப்பிள்ளை வீட்டார் செய்த ஏற்பாடு என்று பெண் வீட்டாரும், பெண் வீட்டார் ஏற்பாடு என்று மாப்பிள்ளை வீட்டாரும் நினைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

முந்தின நாள் டீச்சர் செயல்விளக்கம் என்றால் என்னவென்று சொல்லியிருந்தார். மேடையில் செய்வதைக் கவனமாகப் பார்த்து, அப்படியே திரும்பச் செய்ய வேண்டும். நால்வரும் முன்வரிசையில் உட்கார்ந்து கவனமாகப் பார்த்தார்கள். மேளம் கொட்டியது. மாப்பிள்ளை தாலி கட்டினார். இன்றைக்குப் பாடம் சுலபமாக இருக்கிறதே என்று ஆவுடையப்பன் நினைத்தார். கையில் வேறு ஒன்றும் இல்லாததால் பையிலிருந்த தூக்குக்குண்டை எடுத்து, அதன் நூலை மாடத்தியின் கழுத்தில் கட்டி மூன்று முடிச்சுப் போட்டார்.

மாடத்தி தலை குனிந்து வாங்கிக்கொண்டாள். கழுத்தில் தொங்கிய குண்டைத் தொட்டுப் பார்த்தாள். “அப்ப கட்டினதைவிட இது நேரா தொங்குது” என்றாள். நால்வரும் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

மறுநாள் வந்த டீச்சர் வாசலில் ‘அ’வைப் பார்த்தார். சுற்றி வந்தார். கல்லுக்குக் கல் விட்டிருந்த இடைவெளியை விரலால் தடவிப் பார்த்தார். யார் கட்டியது என்று கேட்டார். ஆவுடையப்பன் தப்பாக இருந்தால் இடித்துவிட்டு மறுபடி போட்டுவிடுவதாகச் சொன்னார். டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் சுழி கொஞ்சம் சிறியது, மற்றபடி சரி என்றார். அதன் பிறகு ஒவ்வொரு எழுத்தையும் ஆவுடையப்பன் முதலில் செங்கல்லில் போட்டுப் பார்த்துக்கொண்டு, பின்னால் பலகையில் எழுதினார். ‘ஃ’ போட்ட அன்று மட்டும் சீக்கிரம் வேலை முடிந்தது. மூன்று கல்தான்.

நாற்பத்தைந்தாம் நாள் பரீட்சை. மாவட்டத்திலிருந்து சற்குணம் என்ற மதிப்பீட்டாளர் வந்தார். குள்ளமான, கண்டிப்பான மனிதர். காலையில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற ஆவுடையப்பன், டீச்சர் வந்ததும் தயங்கிக்கொண்டே கேட்டார்.

“இன்னைக்கு மட்டும், இங்க விட்டதை உள்ள கொண்டுவரலாமா டீச்சர்?”

“எல்லாத்தையும் கொண்டாங்க ஐயா. ஒண்ணுவிடாம கொண்டாங்க. அன்னைக்கு நான்தான் தெரியாம சொல்லிட்டேன்” என்றார் டீச்சர்.

நாலு பேரும் குனிந்து இரண்டு கையாலும் அள்ளி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் உள்ளே போனார்கள். குத்தாலிங்கம் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ‘உள்ளேன் அம்மா’ சொன்னார்.

மண்டபத்தின் பின்கட்டில் செங்கல்லும் கலவையும் தயாராக இருந்தன. சற்குணம் விதிகளைச் சொன்னார். ஆளுக்கு ஒரு சுவர். நாலடி நீளம், நாலடி உயரம். இரண்டு மணிக்குள் முடிக்க வேண்டும். ஒருவர் கட்டுவதை மற்றவர் பார்க்கக் கூடாது, பார்த்தால் நாலு பேருக்கும் சான்றிதழ் கிடையாது. சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார்.

நால்வரும் வரிசையாக நின்றார்கள். அடுத்தடுத்து நின்றுகொண்டு பார்க்காமல் இருப்பது எப்படி? சொரிமுத்து கண்ணை மூடிக்கொண்டு கட்டிப் பார்த்தான். முதல் கல்லை மாடத்தியின் காலில் வைத்தான். ஆவுடையப்பனுக்குக் கவலை வந்துவிட்டது. வேண்டுமென்று பார்க்காவிட்டாலும் கண் தானாகப் போகும், போனால் எல்லாம் போயிற்று. ஆளுக்கு ஆள் நடுவில் ஒரு மறைப்பு இருந்தால்தான் சரி என்றார். கொத்தனார்களுக்கு மறைப்பு என்றால் சுவர்தான்.

இரண்டு மணிக்குச் சற்குணம் வந்து பார்த்தபோது ஆறடி உயரத்தில் மூன்று சுவர்கள் நின்றன. செங்கல் தீர்ந்திருந்தது. நாலு இடைவெளிகளிலும் நாலு பேர், கையில் கரண்டியோடு, நேரே எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் ரசமட்டம் வைத்தார். தூக்குக்குண்டு விட்டார். இந்த மாவட்டத்தில் இப்படி ஒரு சுவரைத் தான் பார்த்ததில்லை என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு, மார்க் போடத் தாளை எடுத்தார்.

“ஐயா, பரீட்சை இன்னும் ஆரம்பிக்கல” என்றார் ஆவுடையப்பன். “இப்பத்தான் மறைப்பு முடிஞ்சிருக்கு.”

பரவாயில்லை, இதையே பரீட்சைச் சுவராக எடுத்துக்கொள்கிறேன் என்றார் சற்குணம். டீச்சர் பின்னால் நின்று ஆவுடையப்பனைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். ஆவுடையப்பனுக்கு வேலை போய்விடும் என்று தெரியும். வீட்டில் அடுப்பு எரிவது இந்தத் தாளில்தான் இருக்கிறது என்றும் தெரியும். இருந்தாலும் அவரால் முடியவில்லை.

“இதை நாங்க நாலு பேரும் ஒருத்தரையொருத்தர் நல்லாப் பார்த்துத்தான்யா கட்டினோம். இதுக்கு மார்க் வாங்கினா அரசாங்கத்தை ஏமாத்தின மாதிரி.”

சற்குணம் தாளைப் பார்த்தார். ‘சுவர் நேராக உள்ளதா? ஆம், இல்லை’ என்று ஒரே ஒரு கேள்விதான் அதில் இருந்தது. யார் யாரைப் பார்த்தார்கள் என்று கேள்வி இல்லை. அவர் நாலு தடவை ‘ஆம்’ என்று எழுதிவிட்டு, கையெழுத்துப் போடச் சொன்னார். ஆவுடையப்பன் தன் பெயரின் ஏழு எழுத்தையும் ஒவ்வொன்றாக எழுதி முடிக்கும்வரை எல்லோரும் காத்து நின்றார்கள். இருபத்தாறு வருஷமாகப் பெருவிரல் மையை வேட்டியில் துடைத்துத் துடைத்துப் பழகியவர், அன்றும் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

மார்கழிக் கடைசியில் சான்றிதழ் வந்தது. டீச்சரே செங்கமடைக்கு வந்து கொடுத்தார். கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொன்னார். இது எப்போதும் வேலை நடக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும். மழை, கறையான், எலி எதுவும் தொட முடியாத இடத்தில் பத்திரமாக வைக்க வேண்டும்.

தை ஒன்றாம் தேதி பள்ளிக்கூட வேலை ஆரம்பித்தது. முதல் வேலை, மைதானத்து முகப்பில் பள்ளியின் பெயர் எழுதுவதற்காக ஐந்தடி அகலத்தில், ஏழடி உயரத்தில் தனியாக ஒரு சுவர். மழையும் கறையானும் எலியும் தொட முடியாத இடம் அந்த மைதானத்தில் வேறு எங்கே இருக்கிறது? நாலு சான்றிதழையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி, சுவரின் நடுவில் வைத்துக் கட்டிப் பூசிவிட்டார்கள். பூச்சு சொரிமுத்து. பிரமாதமாக வந்திருந்தது.

மாசியில் ஒரு நாள் காலை, சான்றிதழ்களைச் சரிபார்க்கச் சற்குணம் வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். அரசுச் சுவரை உடைத்தால் தான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று பயந்தார். அதனால், அசல் உள்ளேயே இருக்கட்டும், அதற்கு மூன்று நகல் கொடுத்தால் போதும் என்றார். ஒன்று மாவட்டத்துக்கு, ஒன்று சென்னைக்கு, ஒன்று கோப்புக்கு. ஆனால் எல்லாம் தன் கண் முன்னால் நடக்க வேண்டும், கண்ணுக்கு மறைவாக எதுவும் நடக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி, பெயர்ச் சுவரின் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தன் கோப்புகளைப் பிரித்தார்.

நால்வரும் தள்ளிப் போய் ஆலோசித்தார்கள்.

“அசல்னு எதைச் சொல்லுதாக மச்சான்?”

“காயிதம் உள்ள இருக்கு, யார் கண்ணுக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியறது சுவருதான். அதைப் பார்த்துத்தானே நகல் எடுக்க முடியும்? அப்ப அசல் சுவருதான்.”

“மூணு எடுக்கணும்.”

“மூணும் அவுக கண் முன்னாடி இருக்கணும். அதனால அவுகளைச் சுத்தித்தான் எடுக்கணும்.”

வேலை ஆரம்பமாயிற்று. வலது பக்கம் ஒரு நகல் எழுந்தது. பள்ளிக்கூட வேலை நடக்கிறது என்று சற்குணம் நினைத்துக்கொண்டார். நடுவில் ஒரு தடவை தலையைத் தூக்கி நகல் என்னவாயிற்று என்று கேட்டார். நடந்துகொண்டிருக்கிறது என்று ஆவுடையப்பன் பதில் சொன்னார். மத்தியானம் இடது பக்க நகலும் முடிந்தது. காண்டிராக்டர் வீட்டிலிருந்து வந்த நாட்டுக்கோழிச் சாப்பாட்டை மாடத்தி முன்பக்கமாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சற்குணம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே தூங்கினார். சாயங்காலம் நாலரை மணிக்கு முன்பக்க நகலும் ஏழடிக்கு வந்தது. மூலைகளைச் சேர்த்துப் பூசினார்கள். நாலு சுவரும் ஒன்றுபோலவே இருந்தன. எது அசல், எது நகல் என்று கட்டியவர்களுக்கே சந்தேகம் வந்தது.

ஐந்து மணிக்குக் காண்டிராக்டர் வைகுண்டம் வந்தபோது சுவர்களுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. ஆவுடையப்பன் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். ஒரு பக்கத்தை உடனே இடிக்கும்படி வைகுண்டம் சொன்னார்.

“அது முடியாது முதலாளி” என்றார் ஆவுடையப்பன் பணிவாக. “எங்க சான்றிதழ்ல கட்டுதல்னு மட்டுந்தான் போட்டிருக்கு. இடித்தல் தனிப் பாடமாம். போன்ல டீச்சர்கிட்ட கேட்டுட்டேன். சித்திரையிலதான் சேர்க்கையாம்.”

அதற்கும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. குத்தாலிங்கம் உடனே சைக்கிளில் போய் நாலு விண்ணப்பம் வாங்கிவந்திருந்தார். அடியில் மாவட்ட மதிப்பீட்டாளர் கையெழுத்துப் போட வேண்டும் என்றிருந்தது. நாலையும் ஒரு பேனாவோடு சேர்த்துச் சின்னக் கல்லில் கட்டி, சுவருக்கு மேலாக உள்ளே போட்டார்கள். உள்ளே சத்தம் நின்றது. தாள் புரட்டும் ஓசை கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துச் சற்குணம் என்னவோ சொன்னார். குத்தாலிங்கம் சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்தார்.

“கையெழுத்துப் போட்டுட்டாகளாம். ஆனா ஆபீஸ் சீல் இல்லாம செல்லாதாம். சீலு அவுக மேஜை டிராயர்ல இருக்காம். சாவி வேற யார்கிட்டயும் குடுக்க மாட்டாகளாம். அவுகளே போய்த்தான் எடுத்துட்டு வரணுமாம்.”

சரி, போய் எடுத்துக்கொண்டு வரட்டும் என்று நால்வரும் சுவர் நிழலில் உட்கார்ந்து அவருக்காகக் காத்திருந்தார்கள்.